கான்டர்ஸ்டெக் சாரணர் மையத்தில் ஒரு ஃப்ரீ டே: ரயிலேறாவிட்டால் நாலரை நட்சத்திரம்

சுவிட்சர்லாந்தின் கான்டர்ஸ்டெக் சர்வதேச சாரணர் மையத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று வரும் குழுக்கள் தங்கள் அட்டவணையில் ஒரு நாளையாவது காலியாக விட்டுவைப்பது வழக்கம். மற்ற நாட்களின் நிகழ்ச்சிகளை மையத்து ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த ஒரு நாளுக்கு மட்டும் வழி, சாப்பாடு, டிக்கெட், திரும்பும் நேரம் எல்லாமே குழுவின் பொறுப்பு. வாரம் முழுக்க நன்றாகப் போன முகாம் தடுமாறுவதும் இந்த நாளில்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மையத்திலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள் இந்த நாளைக் கழித்தால் 5-க்கு நாலரை. இன்டர்லாக்கன், யுங்ஃப்ராவ்யோக் என்று ரயிலேறிக் கிளம்பினால் மூன்று தேறுவதே கஷ்டம். ரயிலைக் குறை சொல்ல முடியாது, அது சொன்ன நேரத்துக்கு வரும். தப்பு நம் கணக்கில்.

அந்தக் கணக்கு இதுதான். ஊர் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயில் நிலையம் ஊருக்குள், மையம் ஊரின் தெற்குக் கோடியில். வெறுங்கையோடு நடந்தாலே இருபது, இருபத்தைந்து நிமிடம். முப்பது பிள்ளைகளோடு என்றால் அரை மணி நேரத்துக்குக் குறையாது. போக ஒன்று, வர ஒன்று என ஒரு மணி நேரம் அங்கேயே கழிந்துவிடும். ஷ்பீட்ஸில் வண்டி மாறி இன்டர்லாக்கன் போக ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து 3,454 மீட்டரில் உள்ள யுங்ஃப்ராவ்யோக் நிலையத்துக்கு இன்னும் ஒன்றரை மணி, இரண்டு மணி. ஆக ஒரு வழிக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல். இன்டர்லாக்கனிலிருந்து அந்த உச்சிக்குப் போய்வர முழுக் கட்டணம் 200 ஃப்ராங்கைத் தாண்டும். தள்ளுபடிகள் உண்டு, ஆனாலும் முப்பதால் பெருக்கிப் பாருங்கள். மேலே மேகம் மூடியிருந்தால் அத்தனையும் வெள்ளைச் சுவரைப் பார்ப்பதற்காக.

இனி, மையத்தின் வாசலிலேயே இருப்பதைப் பார்க்கலாம்.

காஸ்டெர்ன் பள்ளத்தாக்கு

முகாம் திடலை ஒட்டி ஓடும் கான்டர் ஆற்றின் எதிர்த்திசையில் தெற்கே நடந்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் எகெஷ்வாண்ட் வரும். சுன்பூயல் கேபிள் கார் கிளம்பும் இடம். அதைத் தாண்டியதும் மலை இரண்டாகப் பிளந்த மாதிரி ஓர் இடுக்கு. க்ளூஸ் என்கிறார்கள். ஆறு அந்த இடுக்கில் பாறை பாறையாக மோதிக்கொண்டு இறங்குகிறது. காட்டுப் பாதை அதன் ஓரமாகவே ஏறுகிறது. சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, ஆகவே வழிநடத்துபவர் முன்னாலும் துணைத் தலைவர் கடைசியிலும் நடப்பதும், நிற்கச் சொல்ல விசில் வைத்துக்கொள்வதும் இங்கே கட்டாயம். சாரல் படும் இடங்களில் மரவேரும் பாறையும் வழுக்கும். கேன்வாஸ் ஷூ வேண்டாம்.

இடுக்கைக் கடந்தவுடன் காட்சி மாறிவிடும். செங்குத்தான சுவர்களுக்கு நடுவே தட்டையான பள்ளத்தாக்கு, அதில் கூழாங்கல் படுகையில் அகலமாகப் பரவி ஓடும் அதே ஆறு. இருபுறமும் மெல்லிய அருவிகள். வால்ட்ஹவுஸ் என்ற விடுதி வரை மையத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். சுமார் 1,550 மீட்டரில் உள்ள செல்டன் வரை போக இரண்டரை, மூன்று மணி. பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால் வால்ட்ஹவுஸைத் தாண்டிய சமவெளியிலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது நல்லது. செல்டன் வரை போவது நடையில் பழகியவர்களுக்கு. கோடையில் ரயில் நிலையத்திலிருந்து செல்டனுக்குச் சிறு பேருந்து உண்டு. முன்பதிவு இல்லாமல் அதில் இடம் கேட்க முடியாது, பெரிய குழு மொத்தமாக ஏறவும் முடியாது. கால் வலிக்கும் ஓரிருவருக்கு மட்டும் அதை முதல் நாளே சொல்லி வைக்கலாம்.

அந்தச் சமவெளியில் உட்கார்ந்து சாப்பிடும்போது பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. காலுக்குக் கீழே கிடக்கும் அந்த மணலும் கூழாங்கல்லும் மேலாக்கில் பரவியது மட்டுமல்ல, வெகு ஆழம் வரை போகிறது. லோட்ஷ்பெர்க் ரயில் சுரங்கத்தைத் தோண்டியவர்கள் இவ்வளவு ஆழத்தை எதிர்பார்க்கவில்லை. பாறைக்குள்தான் போகிறோம் என்று நினைத்து வெடி வைத்தபோது, 1908 ஜூலை 24 அன்று மேலிருந்த மணலும் நீரும் உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. 25 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிறகு சுரங்கத்தை அந்த இடத்தைத் தவிர்த்து வளைத்துக் கொண்டுபோனார்கள். 1913-இல் திறந்தபோது அதன் நீளம் 14.6 கிலோமீட்டர். மையத்தின் பழைய மரக் கட்டடமான ஷாலே அந்தச் சுரங்க வேலையில் இருந்தவர்கள் தங்குவதற்காக எழும்பியதுதான். வேலை முடிந்து சும்மா கிடந்ததை உலகச் சாரணர்களுக்கான நிரந்தர வீடாக்கியது 1923-இல். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் ஆசை, ஒரு குட்டி ஜம்போரி, அதாவது சாரணர் திருவிழா, எப்போதும் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது. 1931-இல் முதல் உலக ரோவர் மூட் (மூத்த சாரணர்களின் கூடுகை) இதே ஊரில்தான் நடந்தது. நூறாண்டு தாண்டிய பிறகும் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் நாலைந்து நாட்டு ஸ்கார்ஃப்கள் காய்ந்துகொண்டிருந்தால் ஆச்சரியமில்லை.

காஸ்டெர்னில் கெடுவது இரண்டு விஷயம். ஒன்று, ஆறு. பனியும் பனிப்பாறையும் உருகி வரும் நீர் அது. காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை, வெயில் ஏறிய பிற்பகலில் முழங்கால் வரை வரும். காலையில் கல் கல்லாகத் தாண்டி அக்கரை போனவர்கள் திரும்ப முடியாமல் நிற்பது இதனால்தான். பாலம் இல்லாத இடத்தில் கடக்கக் கூடாது என்று ஒரே விதியாகச் சொல்லிவிடுங்கள், விளக்கம் பிறகு. குளிப்பதும் வேண்டாம். குளிர் அப்படி, நல்ல நீச்சல்காரருக்கும் சில நிமிடங்களில் கை கால் சொன்னதைக் கேட்காது. இரண்டாவது, தொலைபேசி. இந்தச் சுவர்களுக்கு நடுவே சிக்னலை நம்ப முடியாது. தவிர, சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஐரோப்பா முழுக்க ரோமிங் இலவசம் என்று வாங்கி வந்த சிம் பல நேரம் இங்கே வேலை செய்யாது, அல்லது வேலை செய்து பில் எகிறும். புறப்படும் முன்பே நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

ஓஷினன் ஏரி

ஊரின் பெயரைச் சொன்னாலே எல்லோரும் காட்டும் படம் இந்த ஏரிதான். யுங்ஃப்ராவ்-அலெச் உலகப் பாரம்பரியப் பகுதிக்குள் வருவது, 1,578 மீட்டர் உயரம், நீலப் பச்சை நீர், பின்னால் பனி மலை. அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டத்தில் சொல்ல நிறைய இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், அதிலும் சனி ஞாயிறில், காலை பத்து மணிக்கு மேல், ஏரிப் பக்கம் ஏறும் கேபிள் காரான கோண்டோலாவின் நிலையத்தில் நின்றால் காத்திருப்பிலேயே பாதி உற்சாகம் போய்விடும். நெரிசல் நாட்களுக்கு நேரம் குறித்து முன்பதிவு தேவையா என்பதை முதல் நாளே இணையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வார நாள், முதல் ஒரு மணி நேரத்துக்குள் மேலே, கூட்டம் வரும்போது கீழே. இப்படிச் செய்தால் ஏரி உங்களுக்கு.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம்: கோண்டோலாவின் மேல் நிலையம் ஏரியைவிடச் சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போகும்போது இருபது, முப்பது நிமிட இறக்கம், ஜாலியாக இருக்கும். திரும்பும்போது அதுவே ஏற்றம். கடைசிக் கோண்டோலாவுக்கு அரை மணி நேரம் இருக்கிறது என்று ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைத் தவறவிடுவது இந்த ஏற்றத்தால்தான். தவறினால் பயமில்லை, ஊருக்கு நடந்தே இறங்கலாம். ஒன்றரை மணி நேரம் கூடுதல், முழங்காலுக்கு வேலை. காசை மிச்சப்படுத்த நினைக்கும் குழு ஏறுவதையும் நடந்தே செய்யலாம், அதுவும் ஒன்றரை மணி நேரம்தான். கோண்டோலாவுக்கு வேண்டுமானால் இறங்க மட்டும் டிக்கெட் வாங்குங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு ஹோய்பெர்க் வழி. ஏரிக்கு மேலே, வடக்குச் சரிவில் போகும் பாதை. கீழே முழு ஏரியும் தெரியும். ஓபர்பெர்க்லி என்ற மேய்ச்சல் நிலம் வரை போய், கரையோரமாகத் திரும்ப மொத்தம் மூன்று மணி நேரம், உட்காரும் நேரம் தனி. பாதை குறுகல், ஒரு பக்கம் சரிவு. ஒருவர் பின் ஒருவராக, கையைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய இடம். மழை பெய்த மறுநாள் வேண்டாம். ஏரிக்கு மேலே ஷ்பிட்ஸ ஷ்டைன் என்ற சிகரம் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதால் அதன் அடிவாரப் பாதைகள் சில மூடப்பட்டிருக்கும். தடுப்புப் பலகையைத் தாண்டி ‘கொஞ்ச தூரம்தானே’ என்று போவது மடத்தனம், அது கோடிக்கணக்கான டன் பாறையின் விஷயம். எது திறந்திருக்கிறது என்பதை அன்று காலை மையத்து வரவேற்பு மேசையில் கேட்டுவிட்டுப் போங்கள். மேல் நிலையத்தின் அருகே 750 மீட்டர் நீளத்தில் சறுக்கு வண்டிப் பாதை உண்டு. மழை என்றால் ஓடாது. படகு வாடகைக்குக் கிடைக்கும், நீந்தவும் தடையில்லை, ஆனால் ஐந்து நிமிடத்தில் நீங்களே வெளியே வந்துவிடுவீர்கள்.

பலகையை வாசிப்பது

சுவிஸ் மலைப் பாதைகளின் மஞ்சள் பலகையில் எல்லாமே இருக்கும், வாசிக்கத் தெரிந்தால். நடுவில் உள்ள வெள்ளைப் பட்டையில் நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரும் உயரமும். மஞ்சள் கைகளில் ஊர்ப் பெயரும் நேரமும். தூரம் போடுவதில்லை, நேரம்தான். கையின் முனை மஞ்சளாகவே இருந்தால் யாரும் போகக்கூடிய நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை: நல்ல பிடிமான ஷூ, தலை சுற்றாத ஆள் வேண்டும். பலகையே நீலமாக, முனை வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் ஆல்ப்ஸ் வழி, பனியும் கயிறும் பாறை ஏற்றமும் வரலாம். ஃப்ரீ டேயில் நீலத்தைத் தொடவே கூடாது.

பலகை சொல்லும் நேரம், சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்ற கணக்கில், நிற்காமல் நடப்பவருக்கானது. தண்ணீர் குடிப்பது, ஷூ லேஸ் கட்டுவது, போட்டோ எடுப்பது எதுவும் அதில் இல்லை. பதினைந்து பேருக்கு மேல் உள்ள குழு அந்த நேரத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. ‘2 h’ என்றால் நமக்கு மூன்று மணி.

மற்றவை, சுருக்கமாக

சுன்பூயல் கேபிள் காரில் ஏறி, டவ்பன் ஏரி வழியாகக் கெம்மி கணவாய் வரை இரண்டரை, மூன்று மணி நேர நடை. பாதை அகலம், ஏற்றம் குறைவு, காட்சி பெரிது. ஆனால் அங்கிருந்து லாய்க்கர்பாட் பக்கம் இறங்கினால் இன்னொரு கேபிள் கார், பேருந்து, பிரிக் வழியாக ரயில் என்று செலவும் நேரமும் கூடிக்கொண்டே போகும். போன வழியே திரும்புவதுதான் புத்திசாலித்தனம். ஜூன் மாதத்தில் மேலே பனி கிடக்கலாம்.

அடெல்போடனில் பெண் சாரணர்களின் உலக மையமான ‘அவர் ஷாலே’ 1932 முதல் இருக்கிறது. சாரணியர் உள்ள குழு ஃப்ரூட்டிகன் வரை ரயிலிலும் பிறகு பேருந்திலும் போய் வரலாம். மழையில்லாத நாளில், எல்லா ரயில் பயணங்களிலும் இது ஒன்றுதான் அந்த நேரத்துக்குத் தகும், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போனால். புண்டர்கிரிண்ட கணவாய் (2,385 மீட்டர்) வழியாக நடந்தே போகும் பழைய வழியும் உண்டு. அது ஆறு, ஏழு மணி நேர முழு மலையேற்றம், அதை ஓய்வு நாள் என்று சொல்ல முடியாது.

பிளவ்சே என்ற சிறு நீல ஏரி, நுழைவுக் கட்டணம் வாங்கும் பூங்கா. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதில் நீந்தவும் முடியாது. பெர்ன் நகரம் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மழை நாளுக்கு நல்ல மாற்று. பெர்னில் ஆரே ஆற்றில் உள்ளூர்க்காரர்கள் மிதந்து போவதைப் பார்த்துப் பிள்ளைகள் குதிக்கக் கிளம்புவார்கள், அது வேகமான ஆறு, கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் ரயிலில் குழு டிக்கெட்டும் முன்பதிவும் உண்டு. அன்று காலை கவுன்ட்டரில் நின்று கேட்பதற்குள் வண்டி போய்விடும்.

முகாமிலேயே இருந்தால்

ஆறாவது, ஏழாவது நாள் என்றால் இதுதான் சரி. பாதிப் பேருக்குக் காலில் கொப்புளம், எல்லோருக்கும் அழுக்கு மூட்டை. காலை ஒன்பது மணிக்குள் துவைத்துக் கயிற்றில் போட்டால் மாலைக்குள் காயும். பள்ளத்தாக்கு ஒடுக்கம், பின்னேரம் மலை நிழல் விழுந்ததும் ஈரம் போகாது. மதியத்துக்கு மேல் துவைத்த காலுறை மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் அடுத்த கொப்புளம். நனைந்த ஷூவை நெருப்பருகே வைக்காதீர்கள், அடிப்பாகம் பிரியும். உள்தட்டை வெளியே எடுத்துவிட்டு, கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள்.

பிற்பகல் பேட்ஜ் மாற்றும் நேரம். ஆளுக்குப் பதினைந்து, இருபது பேட்ஜ் கையில் இருந்தால் போதும். ஒன்றுக்கு ஒன்று, காசு பேசுவதில்லை, சின்னப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் மாற்றிக்கொள்வதில்லை. சொந்தக் குழுவின் ஸ்கார்ஃபை முகாம் முடிவதற்குள் கொடுத்துவிட்டால் கடைசி நாள் கொடி வணக்கத்துக்கு வெறுங்கழுத்துடன் நிற்க வேண்டிவரும், ஆகவே உபரி ஒன்று. இளஞ்சிவப்பு உடையால் ‘பிங்கி’ என்று அழைக்கப்படும் மையத்து ஊழியர்களும் பல நாட்டு இளைஞர்கள்தான். அவர்களிடம் அன்றைய பாதை நிலவரம் கேட்பது எந்தக் கையேட்டையும்விட மேல்.

கடைகளை நம்பித் திட்டம் போடுபவர்களுக்கு: ஞாயிறன்று கடையை நம்ப முடியாது, சனிக்கிழமை சீக்கிரம் மூடிவிடுவார்கள். ஆகஸ்ட் 1 தேசிய நாள், அதுவும் ஞாயிறு மாதிரித்தான். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழமும் முதல் நாளே வாங்கி வைக்க வேண்டும். ஊர்த் தொட்டிகளில் விழும் நீரைத் தாராளமாகக் குடிக்கலாம், ‘கைன் டிரிங்க்வாசர்’ (குடிநீர் அல்ல) என்று எழுதியிருந்தால் மட்டும் கூடாது. சார்ஜருக்குச் சுவிஸ் பிளக்பாயின்ட்டில் மெலிந்த இரண்டு முள் செருகி பொருந்தும், பருத்த முள் பொருந்தாது.

புறப்படும் முன்

ஒவ்வொரு பேட்ரோலும் (குழுவுக்குள் இருக்கும் சிறு அணி) ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்: யார் யார், எந்த வழி, திரும்பும் நேரம், தேடத் தொடங்க வேண்டிய நேரம். கடைசி இரண்டும் வேறு வேறு. ‘நாலு மணிக்கு வருவோம்’ என்று மட்டும் எழுதினால், நாலரைக்குப் பதறுவதா ஆறு மணி வரை பொறுப்பதா என்று முகாமில் இருப்பவருக்குத் தெரியாது. நாலு மணி, தேடல் ஆறு மணி என்று எழுதினால் இரு பக்கமும் நிம்மதி. மூன்று பேருக்குக் குறைந்து யாரும் போகக் கூடாது: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, ஒருவர் உதவிக்குப் போக. வழி மாற்றினால் தாளையும் மாற்ற வேண்டும். தாளில் காஸ்டெர்ன் என்று எழுதிவிட்டு ஓஷினன் போனால் தேடுபவர்கள் தவறான பள்ளத்தாக்கில் நிற்பார்கள்.

தலைவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண்கள்: மலை மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414, ஆம்புலன்ஸுக்கு 144, எதுவும் நினைவில்லையென்றால் 112. சிக்னல் இல்லாத இடத்தில் விசிலோ டார்ச்சோ நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். கோடையில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில் திரளும். மேலே போவது காலையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறக்கம். காற்று பலமானால் கேபிள் கார் நின்றுவிடும், அப்போது நடந்து இறங்கத் தேவையான வெளிச்சமும் தண்ணீரும் கையில் இருக்க வேண்டும்.

கழித்த அரை நட்சத்திரம் மழைக்கு. நாள் முழுக்கப் பெய்தால் நடந்து போகும் தூரத்தில் முப்பது பேர் கூரைக்கடியில் பொழுதுபோக்க இந்தச் சிற்றூரில் இடம் குறைவு. அதற்காகவே பெர்ன் டிக்கெட் விவரத்தை முதல் நாள் இரவே பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குக் கூடாரத்திலிருந்து தலையை நீட்டி, க்ளூஸ் இடுக்கின் வாய் மேகத்தில் தெரியாமல் இருந்தால் அந்தத் தாளை எடுக்கலாம்.